போகியில் போன நூறு நாள்

எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலில் இப்போது யாரும் எழுதுவதில்லை. காலையில் சோறு கொதித்ததும் கண்ணாடி முழுக்க ஆவி படிகிறது. அப்படியே வழிந்து போகிறது. அதைப் பார்க்கும்போது எனக்கு ஒரு மாதிரியாக இருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு அந்தக் கண்ணாடி ஒருநாள்கூடச் சும்மா இருந்ததில்லை. என் அக்கா உமாராணி அதில் விரலால் ஜப்பானிய எழுத்து எழுதிப் பழகுவாள். அம்மா ரசம் வைத்தால் ஐந்து எழுத்து, இட்லி வைத்தால் பத்து எழுத்து. ஆவி போதவில்லை என்றால் வாயால் ஊதி ஊதி எழுதுவாள்.

"எழுதி முடிச்சா துடைச்சு வை," என்பார் அம்மா. "பார்க்கறவங்க நம்ம ஊட்டுக்கு யாரோ மந்திரம் போட்டுட்டாங்கன்னு நெனைக்கப் போறாங்க."

நாங்கள் இருப்பது ஜெகதளாவில். வாசலில் நின்றால் எந்தப் பக்கம் பார்த்தாலும் தேயிலைதான். அக்கா நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் படிப்பை முடித்திருந்தாள். ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போக வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அதற்கு அவர்கள் மொழி தெரிய வேண்டுமே. அதனால் ஞாயிறுதோறும் குன்னூருக்குப் போய் ஈவ்லின் டீச்சரிடம் படித்தாள்.

ஈவ்லின் டீச்சர் ஜப்பானில் எட்டு வருடம் இருந்தவர். டீச்சர் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். 'சென்செய்' என்றால்தான் திரும்புவார். அந்த ஊரில் ஆசிரியரை அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

ஒவ்வொரு ஞாயிறும் அக்காவோடு ஒரு புதுப் பழக்கமும் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வரும். ஒரு வாரம், கழற்றிய செருப்பை வாசலைப் பார்த்துத் திருப்பி வைக்க வேண்டும். அடுத்த வாரம், சாப்பிடும் முன் கைகூப்பி 'இதடகிமாஸ்' என்று சொல்ல வேண்டும். இந்தச் சாப்பாட்டை நன்றியோடு ஏற்றுக்கொள்கிறேன் என்று பொருள். அப்பா மூன்று நாள் ஒழுங்காகச் சொன்னார். நான்காம் நாள் பசியில் மறந்துவிட்டு, கடைசியில் காலித் தட்டைப் பார்த்துக் கும்பிட்டார்.

எனக்குக் கஷ்டமாக இருந்தது மன்னிப்புக் கேட்கிற பழக்கம்தான். தப்பு செய்தால் முதலில் இடுப்பு வரை குனிந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். ஏன் செய்தேன், எதற்குச் செய்தேன் என்பதெல்லாம் அவர்கள் கேட்ட பிறகுதான்.

"காரணம் சொல்லாம எப்படிக்கா மன்னிப்புக் கேக்கறது?" என்று கேட்டேன்.

"உனக்குக் கஷ்டந்தான். நீ தப்பு பண்றதுக்கு முன்னாடியே காரணத்தைத் தயார் பண்ணி வெக்கற ஆளு," என்றாள் அக்கா.

சென்செய் கொடுத்த பெரிய வேலை நூறு நாள் நாட்குறிப்பு. தினமும் மூன்று வரி ஜப்பானிய மொழியில் எழுத வேண்டும். எழுதியதை யாராவது ஒருவருக்கு வாசித்துக் காட்டி அர்த்தமும் சொல்ல வேண்டும். அந்த யாராவது நான்தான். எல்லா நாளும் 'க்யோ வா' என்றுதான் தொடங்கும். 'இன்று' என்று அர்த்தம். அதற்குமேல் எங்கள் வீட்டுக் கதைதான். இன்று கேஸ் தீர்ந்துவிட்டது. இன்று மண் சரிந்து பஸ் வரவில்லை. இன்று வேணி கணக்கில் பன்னிரண்டு மார்க் வாங்கினாள்.

"அதையெல்லாம் ஏன்க்கா ஜப்பானுக்குச் சொல்ற?" என்று சண்டை போட்டேன்.

"உண்மையைத்தான் எழுதணும்னு சென்செய் சொல்லியிருக்காங்க."

முதல் இரண்டரை மாதம் எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. காதால் கேட்பதோடு சரி. கேட்டதெல்லாம் பசை போட்டு ஒட்டியது போல மனதில் நின்றுவிடும். வாய்ப்பாடு மட்டும் ஏன் அப்படி நிற்பதில்லை என்று அம்மா கேட்பார். அரையாண்டு விடுமுறையில்தான் அக்கா எனக்கு எழுத்துகளைச் சொல்லித் தந்தாள். முதலில் என் பெயர். வேணி என்பதற்கு இரண்டே எழுத்து. அதில் இரண்டாவது எழுத்து, ஒன்றன்கீழ் ஒன்றாக வெறும் இரண்டு கோடு. எனக்கு ஒரே பெருமை.

அக்காவிடம் இருந்த ஒரே குறை கையெழுத்து. தமிழிலேயே கோழி கிளறியது போல இருக்கும். ஜப்பானிய மொழியில் கேட்கவே வேண்டாம். பக்கத்துக்குப் பக்கம் சென்செய் சிவப்பு மையில் திருத்தியிருப்பார். "இப்படி எழுதினா அந்த இல்லத்துல நோயாளிக்கு மருந்து பேரை எப்படி எழுதுவே?" என்று கேட்டாராம். அன்றைக்கு அக்கா சாப்பிடவில்லை.

ஜனவரி இரண்டாம் தேதி சென்செய் சொன்ன ஒரு பழக்கத்தை அக்கா வீட்டில் வந்து சொன்னாள். ஜப்பானில் வருடத்தின் முதல் எழுத்தை அன்றுதான் தூரிகையால் எழுதுவார்களாம். ஜனவரி நடுவில் ஊர்கூடித் தீ மூட்டி, எழுதிய தாளை அதில் போடுவார்களாம். எரிகிற தாள் எவ்வளவு உயரம் பறக்கிறதோ அவ்வளவுக்குக் கையெழுத்து அழகாகுமாம்.

"நம்ம போகி மாதிரியே இருக்கே," என்றார் அப்பா.

அப்பாவுக்குச் சொந்த ஊர் அரக்கோணம் பக்கம். அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. உள்ளே தீப்பெட்டி கொண்டுபோனாலே பிடித்துக்கொள்வார்கள். அதனாலோ என்னவோ, வருடத்துக்கு ஒருநாள் வாசலில் தீ மூட்டுவதில் அவருக்கு அவ்வளவு ஆசை. எங்கள் தெருவில் மற்றவர்கள் போகியன்று வேப்பிலையும் ஆவாரம்பூவும் சேர்த்து வீட்டுக்குக் காப்புக் கட்டுவார்கள். பழைய பாயை எரிப்பது எங்கள் வீடு மட்டும்தான்.

பக்கத்து வீட்டு அங்கம்மா அத்தை வருடா வருடம் கேட்பார். "ஏனுங்க கந்தப்பண்ணா, குளுருக்குத் தீ காயறீங்களா, கும்பிடறீங்களா?"

"ரெண்டுந்தாம்மா," என்பார் அப்பா.

அந்த வருடம் போகிக்கு முந்தின நாள்தான் அக்காவுக்கு நூறாம் நாள். மூன்று வரியை எழுதினாள், எனக்கு வாசித்துக் காட்டினாள், நோட்டை மூடினாள். விரலைச் சொடுக்கு எடுத்தபடி, "அப்பாடா, முடிஞ்சுது. இந்த நோட்டைப் போகியில போட்டுக் கொளுத்தினாத்தான் எனக்கு நிம்மதி," என்றாள்.

நான் அதைக் கேட்டுக்கொண்டே படுத்தேன்.

இப்போது நீங்களே சொல்லுங்கள். தாள் உயரப் பறந்தால் கையெழுத்து அழகாகும் என்று சென்செய் சொல்லிவிட்டார். கொளுத்தினால்தான் நிம்மதி என்று அக்காவும் சொல்லிவிட்டாள். ஒரு தாளுக்கே அவ்வளவு பலன் என்றால் நூறு தாளுக்கு எவ்வளவு இருக்கும்? என் கணக்கு அப்படிப் போனது. நான் கணக்கில் பன்னிரண்டு மார்க் என்பதை அப்போது யாரும் நினைவுபடுத்தவில்லை.

விடிந்தும் விடியாத நேரம். அப்பா பழைய பாயையும் தேய்ந்த துடைப்பத்தையும் கொளுத்திவிட்டுக் குளிர்காய்ந்துகொண்டிருந்தார். நான் நோட்டைக் கொண்டுவந்து ஒவ்வொரு தாளாகக் கிழித்துப் போட்டேன்.

"என்னம்மா நோட்டு அது?" என்றார் அப்பா.

"முடிஞ்சு போன நோட்டுப்பா."

தாள்கள் பறந்தன. ஓரத்தில் நெருப்போடு எழும்பி, அங்கம்மா அத்தை வீட்டு ஓட்டுக்கு மேலே ஏறி, தேயிலைக்குள் போய் விழுந்தன. நான் குதித்துக் குதித்துப் பார்த்தேன். அக்கா எழுந்ததும் எவ்வளவு சந்தோஷப்படுவாள் என்று நினைத்துக்கொண்டே கடைசித் தாளையும் போட்டேன்.

அக்கா பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்தாள். என் கையில் இருந்த வெறும் அட்டையைப் பார்த்தாள்.

"வேணி, அது எந்த நோட்டு?"

நான் சொன்னேன். அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆறு நாள்ல நேர்முகத் தேர்வுடி. அந்த நோட்டை இல்லத்துக்காரங்க பார்க்கணும். நோட்டு இல்லாதவங்க வர வேண்டாம்னு சொல்லியிருக்காங்க," என்றாள்.

"நீதானேக்கா கொளுத்தணும்னு..."

"அது பேச்சுக்குச் சொல்றதுடி."

நான் தேயிலைக்குள் ஓடினேன். பனியில் நனைந்த செடிகளுக்கு அடியில் தேடித் தேடி, கருகிய மூன்று துண்டுகளைக் கண்டுபிடித்தேன். ஒன்றில் சென்செய்யின் சிவப்பு மை மட்டும் இருந்தது. அங்கே உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதேன். அழுது முடித்ததும் வீட்டுக்கு வந்து அப்பாவிடம், "என்னைச் சென்செய்கிட்டக் கூட்டிட்டுப் போப்பா," என்றேன்.

குன்னூரில் ஒரு பேக்கரி மாடியில்தான் சென்செய் வீடு. அப்பா கீழேயே நின்றுவிட்டார். "நீ பண்ணினது. நீயே பேசு. நான் இங்கதான் நிக்கறேன்," என்றார்.

மாடிப்படி ஏறும்போது காரணங்கள் எல்லாம் வரிசையாக வாய்க்குள் வந்து நின்றன. அக்காதான் சொன்னாள். நீங்கள்தான் சொன்னீர்கள். அப்பா தடுக்கவில்லை. கதவு திறந்தது. நான் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு இடுப்பு வரை குனிந்தேன்.

"கோமென்னசாய்," என்றேன். அதுதான் அவர்கள் மொழியில் மன்னிப்பு.

குனிந்தவள் நிமிரவில்லை.

"வேணி, நிமிர்ந்து பாரு. எனக்குப் பயமா இருக்கு," என்றார் சென்செய்.

"அக்காவோட நூறு நாள் நோட்டை நான் எரிச்சுட்டேன்."

சென்செய் நாற்காலியில் உட்கார்ந்தார். "ஏன்?" என்று கேட்டார். அதன் பிறகே நான் காரணத்தைச் சொன்னேன். தாள் பறந்த கதையைச் சொல்லும்போது அவர் வாயைக் கையால் மூடிக்கொண்டார். சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு," என்றார். "ஆனா புது நோட்டுல பழைய தேதி போட்டு, சிவப்பு மையும் போட்டுக் குடுத்தா அது பொய்யாயிடும். நான் செய்ய மாட்டேன்."

"பொய் வேண்டாம் சென்செய். எரிஞ்சு போச்சுன்னு முதல் பக்கத்துலயே எழுதிடலாம். அப்புறம் நூறு நாளையும் திரும்ப எழுதலாம்."

"யாருக்கு ஞாபகம் இருக்கு நூறு நாளும்?"

"எனக்கு இருக்கு."

சென்செய் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "முப்பத்தேழாம் நாள்?"

"க்யோ வா," என்று தொடங்கி மூன்று வரியையும் ஜப்பானிய மொழியிலேயே சொன்னேன். இன்று ரொம்பப் பெரிய மாடு வந்தது. அங்கம்மா வீட்டு முட்டைக்கோஸைத் தின்றது. போகச் சொன்னார்கள், போகவில்லை. காட்டெருமைக்கு ஜப்பானிய வார்த்தை தெரியாமல் அக்கா அன்றைக்கு 'ஓகீ உஷி', அதாவது பெரிய மாடு என்று எழுதியிருந்தாள்.

"ஐம்பத்திரண்டு?"

"இன்று மழை பெய்தது. தயிர்சாதம் சாப்பிட்டேன். சீக்கிரம் தூங்கினேன்."

சென்செய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி. அந்த ஒரு நாளை மட்டும் நீ சொல்லாதே. உங்கக்காவையே யோசிச்சு எழுதச் சொல்லு," என்றார். எனக்குப் புரியவில்லை. ஐந்து நாளில் முடித்துக் கொண்டுவரச் சொல்லிக் கீழே அனுப்பினார். கையில் மொறுமொறுவென்று ஒரு வர்க்கி பிஸ்கட்டும் கொடுத்தார்.

ஐந்து நாளில் நூறு நாள் என்றால் ஒரு நாளைக்கு இருபது நாள். இந்தக் கணக்கு மட்டும் எனக்கு உடனே வந்தது.

அந்தப் பொங்கலை மறக்கவே முடியாது. நான் சொல்லச் சொல்ல அக்கா எழுதினாள். முதல் நாள் அவள் என்னிடம் எண்களைத் தவிர எதுவும் பேசவில்லை. "நாலு", "அஞ்சு" என்பாள். நான் சொல்வேன். இரண்டாம் நாள் கேஸ் தீர்ந்த கதை வந்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அம்மா நடுவில் பொங்கலைக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைப்பார். அங்கம்மா அத்தை வேறு வந்து, "ஏஞ்சாமி, எத்தன கோசு தின்னுச்சுன்னு எழுதியிருக்கீங்க? ஏழு. ஏழுன்னு போடுங்க," என்று ஜப்பானுக்கு நியாயம் கேட்டார்.

இன்னொரு அதிசயமும் நடந்தது. மெதுவாக, கவனமாக, விடாமல் பக்கம் பக்கமாக எழுதியதில் அக்காவின் கையெழுத்து உருண்டு திரண்டு வந்தது. எழுத்தெல்லாம் எனக்கே படிக்கத் தெரிந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் அக்கா, "ஐம்பத்திரண்டு," என்றாள்.

"அதை உன்னையே எழுதச் சொன்னாங்க சென்செய்."

அக்காவின் பேனா நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு குனிந்து எழுதத் தொடங்கினாள். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். தலைகீழாகத் தெரிந்தது. க்யோ வா. அதற்குப் பக்கத்தில் இரண்டு எழுத்து. இரண்டாவது எழுத்து வெறும் இரண்டு கோடு. என் பெயர்.

மழை என்ற வார்த்தை எங்கேயும் இல்லை. தயிர்சாதமும் இல்லை. நூறு நாள் கேட்டுப் பழகிய காதல்லவா, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டியதும் அர்த்தம் தானாக வந்தது.

'இன்று வேணிக்குத் தலை பின்னினேன். நான் போய்விட்டால் யார் பின்னுவார்கள்? எனக்குப் போகப் பிடிக்கவில்லை.'

அம்மா தேயிலை பாக்கெட் போடும் வேலைக்கு ஆறரை மணி பஸ்ஸில் போய்விடுவார். எனக்குத் தினமும் ரெட்டைப் பின்னல் போட்டு ரிப்பன் கட்டிப் பள்ளிக்கு அனுப்புவது அக்காதான். எனக்கு எழுத்துத் தெரியாத அந்த நாளில், இதை எழுதி வைத்துக்கொண்டுதான் அவள் என்னிடம் மழை, தயிர்சாதம் என்று வாசித்திருக்கிறாள்.

'போகாதேக்கா' என்று அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் பேனாவை மூடி வைத்திருப்பாள். எனக்கும் அதைச் சொல்லத்தான் ஆசை. சத்தியமாக ஆசை.

"ஐம்பத்து மூணு," என்றேன். "இன்று அங்கம்மா வீட்டுக் கோழி குஞ்சு பொரித்தது."

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுதினாள்.

நோட்டு முடிந்தது. முதல் பக்கத்தில் அக்கா உண்மையை எழுதினாள். 'இது இரண்டாவது நோட்டு. என் கையெழுத்து அழகாக வேண்டும் என்று முதல் நோட்டை என் தங்கை தீயில் போட்டாள்.' சென்செய் தப்புகளை மட்டும் சிவப்பில் திருத்தி, எல்லாப் பக்கத்தையும் படம் பிடித்து ஜப்பானுக்கு அனுப்பினார்.

நேர்முகத் தேர்வு கோயம்புத்தூரில். ஜப்பானிலிருந்து அந்த இல்லத்தின் தலைவி திரையில் பேசினாராம். தலை முழுக்க வெள்ளை முடி. முதல் பக்கத்தை ரொம்ப நேரம் படித்துவிட்டு அக்காவிடம் கேட்டாராம், "தாள் உயரமாகப் பறந்ததா?"

"பக்கத்து வீட்டு ஓட்டுக்கு மேலே," என்றாளாம் அக்கா.

"கையெழுத்தில் தெரிகிறது," என்றாராம் அவர். இதைச் சொல்லும்போது அக்கா வீட்டுக்குள் நடந்துகொண்டே சிரித்தாள். வேலை கிடைத்துவிட்டது.

அதற்கு முன்பே நான் ஒரு வேலை ஆரம்பித்திருந்தேன். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, அக்கா சீப்போடு வந்தபோது, "நானே பின்னிக்கறேன்," என்றேன். முதல் நாள் ஒரு பின்னல் காதுக்கு மேலே, இன்னொன்று தோளுக்குக் கீழே. வகுப்பே சிரித்தது. அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் பின்னினா உனக்கு ஆகாதாடி? இன்னும் அந்த நோட்டுக் கோவமா? நாந்தானே கோவப்படணும்?"

"இல்லக்கா. எனக்குப் பிடிச்சிருக்கு," என்றேன். காரணம் சொல்லவில்லை. தினமும் கண்ணாடி முன்னால் நின்று கை வலிக்கப் பின்னினேன்.

ஜூன் மாதம் அக்கா கிளம்பினாள். விமானத்துக்காகக் கோயம்புத்தூர் போகும் பஸ் குன்னூரில் நின்றுகொண்டிருந்தது. அம்மா பொட்டலம் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்துக்கொண்டே அழுதார். அப்பா பெட்டியை ஏற்றினார். சென்செய்யும் வந்திருந்தார்.

அக்கா எல்லாரிடமும் சொல்லிவிட்டுக் கடைசியாக என்னிடம் வந்தாள். பழக்கம் விடாமல் கை என் பின்னலுக்குப் போனது. ரிப்பனை அவிழ்க்கத் தொடங்கியவள் பாதியில் நிறுத்தினாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"ஐம்பத்திரண்டைப் படிச்சுட்டியா?"

நான் தலையாட்டினேன்.

அவள் கண் நிறைந்துவிட்டது. அவிழ்த்த ரிப்பனைத் திரும்ப இறுக்கிக் கட்டினாள். பின்னலைத் தொடவில்லை.

"வகிடு கோணல்டி," என்றாள்.

"நாளைக்குச் சரியா வந்துடும்க்கா," என்றேன்.